கீழ்ப்பெட்டிக்குள் நான் வைத்த தகடு

சாருஜன்,

அன்று நான் சொல்லாமல் விட்டது நான்கே நான்கு சொற்கள். கஜன் இல்லை, அது நான். பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். நம் வீட்டு பேஸ்மென்டில் நீயும் உன் கூட்டாளி கஜனும் எதிரெதிரே நின்றீர்கள். உங்களுக்கு நடுவில் இருந்த மூன்று பவளத் தொட்டிகளிலும் நீல விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே உயிரோடு எதுவும் இருக்கவில்லை. பரிசோதனைக்கு அனுப்பிய தண்ணீரின் முடிவு வந்திருந்தது. கஜன் தன் தொலைபேசியை உன்னிடம் நீட்டி, "செம்பு, மச்சான். கொப்பர். பார், எவ்வளவு எண்டு," என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. காரணம் கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி. செம்பு பவளத்துக்கு நஞ்சு. அந்த முகத்தைத்தான் என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

நீ திரையைப் பார்த்தாய். பிறகு சுவரோரக் குழாயைப் பார்த்தாய். "பித்தளைத் திருகு," என்றாய். "குழாயிலை நீ போட்ட பித்தளைத் திருகு. அதிலை செம்புதானே."

"அது ரெண்டு நாள்தானே இருந்தது. பிளாஸ்டிக் உடைஞ்சுபோச்சு எண்டு போட்டனான். பேந்து நானே கழட்டிட்டன். ரெண்டு நாளிலை இவ்வளவு வராது."

"ரெண்டு நாளே காணும்."

"வராதடா. கணக்குப் பார்."

"கணக்கோ? நாலு வருசம் வளத்தது முழுக்கச் செத்துக் கிடக்கு. நீ எனக்குக் கணக்குச் சொல்லுறாய்."

கஜனின் அம்மா அன்று மகனோடு கோயிலுக்குப் போய்விட்டு வரும் வழியில் நம் வீட்டுக்கு வந்திருந்தார். மேலே குசினியில் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தவர், சத்தம் கேட்டு என்னோடு கீழே இறங்கினார். "என்ன தம்பி, இவன் ஏதும் உடைச்சுப்போட்டானோ?" என்று உன்னிடம் கேட்டார். "உடைக்கேல்லை அன்ரி," என்றாய் நீ. "எல்லாத்தையும் சாகடிச்சுப்போட்டான்." நான் தேநீர்த் தட்டோடு கடைசிப் படியில் நின்றேன். அவர் தன் மகனைத் திரும்பிப் பார்த்தார். திட்டவில்லை. குளிர்ச்சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு, "வா, போவம்," என்றார். தட்டில் நான்கு கோப்பைகள் இருந்தன. ஒருவரும் எடுக்கவில்லை.

அன்று பின்னேரமே நீ பவளம் வளர்ப்பவர்களின் இணையக் குழுவில் எழுதினாய். தொழிலில் கூட்டாளியைத் தேர்ந்தெடுக்கும்போது கவனமாக இருங்கள், ஒருவனுடைய அவசரத்தால் எங்கள் மூன்று தொட்டிகளும் அழிந்தன என்று. கஜனின் பெயரைப் போட்டாய். ரொறன்ரோவில் இந்த வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிவார்கள். எத்தனை பேர் அதை வாசித்தார்கள் என்று நான் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதத்தையும் மற்றவர்கள் வாசிக்கும் இடத்தில் எழுதுகிறேன். நான் எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியும். வாசிக்கும் புத்தகத்தின் அட்டையைக்கூடப் பஸ்ஸில் கவிழ்த்துப் பிடிப்பவள். ஆனால் ஒருவன் மேல் பலர் பார்க்கப் போட்ட பழியை நான் உன் காதுக்குள் மட்டும் சொல்லி எடுத்துவிட முடியாது.

நான் உன் அப்பாவைக் கட்டி இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு இருபத்து நான்கு வயது, உனக்குப் பன்னிரண்டு. உன்னைப் பெற்றவர் இறந்து மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. என்னைச் சின்னம்மா என்று கூப்பிடும்படி உனக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நீ கூப்பிடாமலே ஒரு வருடம் ஓட்டினாய். எதுவும் வேண்டுமென்றால் குசினி வாசலில் வந்து நின்று குளிர்சாதனப் பெட்டியோடு கதைப்பாய். "பால் முடிஞ்சுபோச்சு." பெட்டிக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போய்விடுவாய். நானும் பெட்டிக்குப் பதில் சொல்வதுபோல, "நாளைக்கு வாங்குவம்," என்பேன். நமக்குள் அப்படித்தான் பேச்சுத் தொடங்கியது.

உனக்குப் பதினைந்து வயதாக இருந்த ஒரு பனிக்காலத்தில் நீ வாசலில் பனி அள்ளும்போது, மண்வெட்டியால் அப்பாவின் புதுக் காரை முன்கதவிலிருந்து பின்கதவு வரை கீறிவிட்டாய். அப்பா வேலையால் வந்து கத்தத் தொடங்கியபோது நான் முன்னால் போய், "நான்தான். தெரியாமல் பட்டுட்டுது," என்றேன். "கண் தெரியேல்லையோ உமக்கு?" என்று தொடங்கி அப்பா அரைமணி நேரம் பேசினார். நீ படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாய். பிறகு என்னிடம் வந்து, பெட்டியைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "ஏன் சின்னம்மா அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கேட்டாய். அன்றுதான் முதல் தடவை அந்தச் சொல் உன் வாயிலிருந்து வந்தது. அந்தப் பனிக்காலம் முழுவதும் நீயே பனி அள்ளினாய், என்னை வெளியே வரவிடவில்லை. நான் அதை அன்பினால் செய்ததாக இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் அது முழு உண்மையில்லை. செய்யாத குற்றத்தை ஏற்பது எனக்கு மிகவும் எளிதாக இருந்தது. ஏற்றவுடன் நான் நல்லவளாகிவிட்டேன். செய்த குற்றத்தை ஏற்கவேண்டி வந்தபோது, அந்த நல்லவளை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

பவளத் தொழிலை நீயும் கஜனும் தொடங்கியது எதனால் என்பதை இதை வாசிப்பவர்களுக்கும் சொல்லவேண்டும். பத்தாம் வகுப்பிலிருந்தே கஜன் டோர்செட் பார்க் அடுக்குமாடி வீட்டில், தன் கட்டிலுக்கும் சன்னலுக்கும் இடையில் ஒரு சின்ன உப்புத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்தான். அதற்குள் ஒரு விரல் நீளப் பவளம், பச்சைக் கிளைகள், நுனி மட்டும் ஊதா. அது வளர்ந்து வளர்ந்து ஒரு கைப்பந்தளவு ஆனபோது அவன் அதை நம் பேஸ்மென்டுக்குக் கொண்டுவந்தான். நீங்கள் இருவரும் அதைத் தாய் என்றீர்கள். தாயில் ஒரு நுனியை குறட்டால் வெட்டி, சின்னக் கல்வில்லையில் பசையால் ஒட்டி, மாதக்கணக்கில் வளரவிட்டு விற்பது. அவ்வளவுதான் தொழில். ஆனால் அதற்காகத் தண்ணீரை நீங்கள் கவனித்ததுபோல யாரும் எந்தப் பிள்ளையையும் கவனித்து நான் பார்த்ததில்லை. "இண்டைக்குத் தாயை வெட்டாதை மச்சான், அது சோர்ந்துபோய் இருக்கு," என்று கஜன் சொல்வான். அப்பா கீழே இறங்கி வந்து கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்து பார்ப்பார்.

"உது பூவோ, பூச்சியோ, கல்லோ?"

"மூண்டும்தான் அப்பா."

"மூண்டையும் சேத்து ஒருத்தன் வாங்குவானோ?"

"அங்கிள், நீங்களே ஒரு நாளைக்கு வாங்குவீங்கள்," என்பான் கஜன். அப்பா சிரித்துக்கொண்டே மேலே ஏறிவிடுவார். ஆனால் ஞாயிறு காலைகளில் நீங்கள் எழும்புவதற்கு முன்பே தனியாகப் போய்ப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குத் தெரியும்.

ஆட்கள் வீட்டுக்கு வந்து வாங்கத் தொடங்கியதும் கஜன் கிடங்கு வேலையை விட்டான். தைப்பொங்கலன்று முறைப்படி தொடங்குவது என்று முடிவு செய்தீர்கள். அதற்கு முந்தைய வாரம் யூனியன்வில்லிலிருந்து உன் மாமி வந்திருந்தார். அப்பாவின் அக்கா. தொட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு மேலே வந்து, எல்லோரும் இருக்க, "எல்லாம் வடிவாத்தான் கிடக்கு. ஒரு மந்திரத் தகடு எழுதுவிச்சு வைச்சனீங்களோ?" என்று கேட்டார். "பெத்தவள் இருந்திருந்தால் முதல் வேலையா அதைச் செய்திருப்பாள். இவளுக்கென்ன, புத்தகம் இருந்தால் காணும்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஓம் மச்சாள், புத்தகத்திலை தகடு எழுதித் தரமாட்டாங்கள்தானே," என்று பகிடியாகச் சொன்னேன்.

நான் தகட்டில் நம்பிக்கை உள்ளவள் இல்லை. இதைச் சாட்டாகச் சொல்லவில்லை, இது என் குற்றத்தைக் கூட்டுகிறது. நம்பிக்கையோடு செய்திருந்தால் அதில் ஒரு நேர்மை இருந்திருக்கும். நான் கோயிலுக்குப் போய் ஐயரிடம் நின்றது, பெற்றவள் செய்திருக்கக்கூடியதை நானும் செய்தேன் என்று எனக்கே காட்டுவதற்காக.

"என்ன தொழில்?" என்று ஐயர் கேட்டார்.

"பவளம் ஐயா."

"மோதிரத்துக்குப் போடுறதோ?"

"இல்லை ஐயா, இது உயிரோடை. தண்ணித் தொட்டிக்குள்ளை வளர்க்கினம்."

"உயிர்ப் பவளத்துக்கு நான் இண்டைவரைக்கும் எழுதேல்லைப் பிள்ளை. லட்சுமி தகடே எழுதுவம், ஆருக்கும் அவதானே வேணும். கடை எண்டால் காசு லாச்சிக்குள்ளை வைக்கச் சொல்லுவன். நீங்கள் தொழில் நடக்கிற இடத்திலை வையுங்கோ. கால் படக்கூடாது, ஆரின்ரை கண்ணும் படக்கூடாது."

பொங்கலன்று காலை, நீங்கள் வாசலில் பானை வைத்துக்கொண்டிருந்தபோது, நான் தகட்டைச் சுருட்டி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு பேஸ்மென்டுக்கு இறங்கினேன். அங்கே இழுத்துத் திறக்கும் லாச்சி இல்லை. மேசை எப்போதும் திறந்து கிடப்பது. தரையில் வைத்தால் கால் படும், சுவரில் வைத்தால் கண் படும். தொட்டிகளுக்குக் கீழே, மூன்றின் தண்ணீரும் இறங்கி வடிந்து மறுபடி மேலே ஏறும் அந்தப் பெட்டியை நான் பார்த்தேன். அதன் கடைசி அறையில் வெள்ளைக் கற்கள் கிடந்தன. தொழில் நடப்பது தண்ணீருக்குள்தானே என்று எனக்குத் தோன்றியது. கற்களை விலக்கித் தகட்டை அடியில் வைத்து மூடினேன். செப்புத் தகடு. உப்புத் தண்ணீர். "மோதிரத்தோடை கை வைக்காதேங்கோ சின்னம்மா," என்று நீ எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருந்தாய். கண்ணாடி கீறிவிடும் என்பதற்காக என்று நான் நினைத்திருந்தேன். ஏன் என்று ஒரு தடவை கேட்டிருந்தால் நீ சொல்லியிருப்பாய். கடல் சூடாகிப் பவளப்பாறைகள் வெளுப்பதைப் பற்றி நான் பக்கம் பக்கமாக வாசித்திருந்தேன். என் வீட்டுப் பெட்டிக்குள் எது போகக்கூடாது என்பதை வாசிக்கவில்லை.

நான்காம் நாள் நத்தைகள் கண்ணாடியிலிருந்து விழத் தொடங்கின. "நத்தை எல்லாம் விழுது," என்று கஜன் கத்தியது குசினிவரை கேட்டது. ஐந்தாம் நாள் இறால்கள். பிறகு பவளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கின. ஆறாம் நாள் தாயின் கிளைகளிலிருந்து சதை நூல் நூலாகக் கழன்று தண்ணீரில் மிதந்தது. நீங்கள் இரண்டு பேரும் தண்ணீரை மாற்றினீர்கள், மறுபடியும் மாற்றினீர்கள், மருந்துகளை அளந்தீர்கள், சூட்டைப் பார்த்தீர்கள். கஜன் மூன்று நாள் தன் வீட்டுக்குப் போகவில்லை. நான் உங்களுக்குச் சோறு கொண்டுவந்து வைத்தேன். இரண்டு தட்டுகளும் ஆறிப்போய்த் திரும்பி வந்தன.

எட்டாம் நாள் நான் வேலைக்குப் போகும் ஷெப்பர்ட் பஸ்ஸில் இருந்து தொலைபேசியில் தேடினேன். முதலில் நத்தை, பிறகு இறால், பிறகு பவளம் என்ற வரிசை எதனால் வரும் என்று. விடை ஒரே சொல்லாக இருந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, தெருவைக் கடந்து, எதிர்ப்பக்கப் பஸ்ஸைப் பிடித்தேன். நீ உப்பு வாங்கப் போயிருந்தாய். கற்களை விலக்கிக் கையை விட்டேன். தகட்டின் ஓரங்கள் அரிக்கப்பட்டிருந்தன. எழுத்துகள் பாதிக்கு மேல் இல்லை, இருந்தவற்றின்மேல் பச்சை பூத்திருந்தது. அதைக் கைக்குள் மூடிக்கொண்டு நிமிரும்போது கஜன் படியில் நின்றான்.

"அன்ரி, என்ன செய்யிறீங்கள்?"

"ஒண்டுமில்லை. செத்த நத்தை ஒண்டு கிடந்தது. எடுத்தனான்."

"பாவம் அன்ரி, நீங்களும் எங்களோடை கிடந்து கஷ்டப்படுறீங்கள்," என்றான். "கையைச் சவுக்காரம் போட்டு வடிவாக் கழுவுங்கோ. அது நல்ல தண்ணி இல்லை."

நான் கையைக் கழுவினேன். தகட்டைக் காகிதத்தில் சுற்றி என் புத்தக அலுமாரியில், ஒரு தடித்த புத்தகத்துக்குள் வைத்தேன். நம் வீட்டில் வேறு யாரும் அந்தத் தட்டைத் தொடுவதில்லை. எடுத்துவிட்டேனே, இனித் தேறிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கற்களும் மணலும் செம்பைக் குடித்துவிட்டன என்பது எனக்குத் தெரியாது. தை முடிவதற்குள் எதுவும் மிஞ்சவில்லை. காரணம் தெரியாமல் இன்னொரு தொட்டி வைக்க மாட்டேன் என்று பிடிவாதமாகத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியதும் கஜன்தான். அவன் அனுப்பிய அந்தத் தண்ணீர்தான் அவன்மேல் பழியைக் கொண்டுவந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சொல்வதற்கு எனக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சந்தர்ப்பம் இருந்தது. நாளாக நாளாக அது கடினமாகியது. முதல் வாரத்தில் சொல்லியிருந்தால் நான் ஒரு தகட்டை மட்டும் ஒப்புக்கொண்டிருப்பேன். இரண்டாம் மாதத்தில் தகட்டோடு மௌனத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. கஜன் பழைய கிடங்கு வேலைக்கே திரும்பப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். தன் வீட்டில் வளர்த்த சில துண்டுகளை விற்கப் போட்டபோது, ஒருவர் அதற்குக் கீழே, "பித்தளை வாசம் இல்லைத்தானே?" என்று பகிடி எழுதியிருந்ததை நானே பார்த்தேன். நீ அதற்குச் சிரிப்புக் குறி போட்டிருந்தாய். அதற்காக உன்னைக் கோபிக்கும் உரிமை எனக்கு இருக்கவில்லை.

இந்த ஆவணியில் நீ மார்க்கம் நகரத்தில் கடைக்கு ஒரு சின்ன இடம் எடுத்தாய். புதிய தொட்டிகள், வேறு இடத்திலிருந்து வாங்கிய பவளங்கள், கஜன் இல்லாத தொழில். திறப்பதற்கு இரண்டு கிழமை முன்பு குசினியில் வந்து நின்று, "சின்னம்மா, இந்த முறை நீங்கள்தான் விளக்கேத்த வேணும்," என்றாய்.

"மாமி இருக்கிறா. அவ மூத்தவ."

"மாமி ஏதும் சொன்னால் நான் பாத்துக்கொள்ளுறன். அம்மா நிக்கவேண்டிய இடம் அது. நீங்கள் நில்லுங்கோ."

பதினொரு வருடம் நான் எதைக் கேட்கக் காத்திருந்தேனோ அதை நீ சொன்னாய். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்தேன். ஓம் என்று சொல்லியிருந்தால் அந்தத் தகட்டை நான் செத்தாலும் வெளியே எடுத்திருக்க மாட்டேன்.

அடுத்த சனிக்கிழமை காலை டோர்செட் பார்க்குக்குப் போனேன். முதலில் கஜனிடம், பிறகு உன்னிடம். அந்த ஒழுங்கு சரியென்று எனக்குப் பட்டது. கஜனின் அம்மாதான் கதவைத் திறந்தார். கஜன் வேலை உடுப்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நான் உட்காரவில்லை. காகிதத்தைப் பிரித்துத் தகட்டை மேசையில் வைத்து, எங்கே வைத்தேன், எப்போது எடுத்தேன் என்று சொன்னேன். அவன் அதைத் தொடாமல் குனிந்து பார்த்தான்.

"எத்தினை நாள் கிடந்தது?"

"எட்டு."

அவன் உதடுகள் அசைந்தன. கணக்குப் பார்த்தான். "எட்டு நாள். அப்ப சரி. அப்ப அந்த நம்பர் சரியா வருது." பிறகு தலையைத் தூக்காமலே சொன்னான்: "நான் நூறு தரம் பாத்தனான் அன்ரி. ஒரு திருகு ரெண்டு நாளிலை அவ்வளவு குடுக்காது. பேந்து எனக்குத்தான் கணக்குத் தெரியேல்லை எண்டு நினைச்சன். வீட்டிலை கிடந்த தொட்டியையும் போன மாசம் குடுத்துப்போட்டன். ஒரு உயிரைப் பாக்கிற தகுதி எனக்கில்லை எண்டு."

அவனுடைய அம்மா எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, "பிள்ளை, அண்டைக்கு நீர் எனக்குப் பக்கத்திலைதானே நிண்டனீர்," என்றார். நான் வெளியே வரும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

அங்கிருந்து நேரே உன் மார்க்கம் கடைக்கு வந்தேன். நீ துண்டுகளைக் கல்வில்லைகளில் ஒட்டிக்கொண்டிருந்தாய். தகட்டை உன் முன்னால் வைத்தேன். "உதென்ன?" என்றாய். சொன்னேன். நீ பசைக் குழாயின் மூடியைப் போட்டாய், கையைத் துடைத்தாய். எனக்குப் பயம் வந்தது உன் கோபத்தை நினைத்தல்ல, நீ அவ்வளவு மெதுவாக அசைந்ததால்.

"அண்டைக்கு, அவன் நிக்கேக்கை, உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

"அவன்ரை அம்மா நிக்கேக்கை?"

"ஓம்."

"கோரல் செத்தது பரவாயில்லை, சின்னம்மா. அக்சிடென்ட். அதை நான் ஒரு நாளிலை மறந்திருப்பன்." உன் குரல் உடைந்தது. "நான் அவன்ரை அம்மாவுக்கு முன்னாலை என்ன சொன்னனான் எண்டு கேட்டுக்கொண்டு நிண்டனீங்கள். அதுக்குப் பிறகும் எனக்கு ஏழு மாசம் சோறு போட்டனீங்கள். ஒருக்கா, ஒரே ஒருக்கா, 'தம்பி, அவசரப்படாதை' எண்டாவது சொல்லியிருக்கலாமே?"

சொல்லியிருக்கலாம். மறுபடி சொல்கிறேன், அழிவு என் கையால் வந்தது. உன் வாயால் வந்த சொற்களில் உன் பங்கும் இருக்கிறது, ஆனால் அவற்றைத் தடுக்க அந்த அறையில் ஒருத்தியால் முடிந்திருந்தது. அவள் நான்.

தொழில் தொடங்கும் பிள்ளைக்குப் பெற்றோர் புத்தி சொல்வது வழக்கம். எனக்கு அந்த இடம் இப்போது இல்லையென்று தெரிந்துகொண்டே இரண்டைச் சொல்கிறேன். உன் தொட்டிக்குள் ஏதாவது செத்தால் முதலில் ஆளைத் தேடாதே. கற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார். அன்று நீ அந்தக் கற்களை எடுத்திருந்தால் அடியில் ஒரு பச்சைக் கறை கண்டிருப்பாய். கஜனைப் பார்த்ததால் கற்களைப் பார்க்கவில்லை. மற்றது, உன்னை நேசிப்பவர்கள் உன் தொழிலுக்கு நல்லது செய்கிறோம் என்று வருவார்கள். நாளைக்கு உனக்கு மனைவி வருவாள், மாமன் மாமி வருவார்கள். ஒருவர் கண் படாமல் இருக்கத் தேசிக்காய் கட்டுவார், ஒருவர் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார். அவர்களைப் பார்த்துச் சிரிக்காதே. சிரித்தால் உனக்குத் தெரியாமல் செய்வார்கள். உட்காரவைத்து, இது ஏன் கூடாது என்று சொல்லிக் கொடு. என்னிடம் மோதிரத்தைக் கழற்றச் சொன்னபோது காரணத்தையும் சொல்லியிருக்கலாமே என்று நான் உன்னைக் குறை சொல்லவில்லை. கேட்காதது என் பிழை. இருந்தாலும் இனி வருபவர்கள் கேட்காவிட்டாலும் நீ சொல்லு.

இதை எழுதத் தொடங்கியபோது கடை திறந்திருக்கவில்லை. பிறகு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். நான் உன்னிடம் சொன்ன அன்று பின்னேரம் நீ அந்தக் குழுவில் பழையதை அழிக்காமல் அதற்குக் கீழேயே எழுதினாய், கஜன்மேல் பிழையில்லை, செம்பு எங்கள் வீட்டிலிருந்து வந்தது, முன்பு எழுதியது பொய் என்று. கடை ஒரு கிழமை பிந்தித் திறந்தது. விளக்கை மாமி ஏற்றினார். அதற்கு முன்பும் பின்பும் நீ இரண்டு தடவை டோர்செட் பார்க்குக்குப் போனாய். முதல் தடவை கஜன் கீழே இறங்கி வந்து, வாசலில் நின்றபடி பத்து நிமிடம் கதைத்தான். அடுத்த தடவை அவனுடைய அம்மா கதவைத் திறந்து, அவன் வேலைக்குப் போய்விட்டான் என்று சொன்னார். கஜன் உன்னோடு தொழிலுக்குத் திரும்பி வரவில்லை.